இடது பக்கத்து மீசை

அந்த ஆட்டை இப்பிடி நெழலுக்கு இழுத்துக் கட்டு அம்மிணி. வெயில்ல நின்னா இன்னும் எச்சா மூச்சு வாங்கும். சீட்டு வாங்கீட்டயில்ல? அப்ப ஒக்காரு. டாக்டரு இப்பத்தான் உள்ள போனாரு. ஒரு மாட்டுக்குக் கன்னு வெளிய வர மாட்டீங்குதாம், அது முடிஞ்சாத்தான் மத்ததெல்லாம். உன்ற ஆட்டுக்கு வயித்து உப்புசமா? பாத்தாலே தெரியுது. அரிசிச் சோத்தைப் போட்டிருப்பீங்க. ஒரு பக்கக் கொம்பு உள்ளுக்கு வளைஞ்சிருக்குதே, வாங்கறப்பப் பாக்கலியா? நானா இருந்தா வாங்கியிருக்கவே மாட்டேன். செரி உடு, வாங்கியாச்சு.

நான் குதிரைக்கு வந்திருக்கறேன். அதா, அந்தத் தகரக் கொட்டாய்க்குள்ள நிக்குது பாரு, செவலை. கூட நிக்கறவ எங்க மருமவ. தாரணின்னு பேரு. செவலைக்கு இடது கண்ணை எடுத்துட்டாங்க அம்மிணி. எடுத்து, தையல் போட்டு, பஞ்சு வெச்சுக் கட்டியிருக்குது. நீ அய்யோன்னு சொல்லாத. வர்றவங்க போறவங்க எல்லாரும் அய்யோன்னுதான் சொல்றாங்க. எனக்குத்தான் ஒண்ணும் தோண மாட்டீங்குது. பல்லுப் புடுங்க ஊசி போட்டா கன்னம் இருக்கறதே தெரியாதில்ல, அந்த மாதிரி இருக்குது. இன்னைக்கு நேத்து இல்ல. போன ஐப்பசியில இருந்தே அப்பிடித்தான்.

ஐப்பசியில எம் பையன் போயிட்டான். பூபதி. ஒரே பையன். பவானி ரோட்டுல, லாரி. அதுக்கு மேல அதுல சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஒறம்பரை சனமெல்லாம் வந்து, அழுவு அழுவுன்னு என்னயப் புடிச்சு உலுக்குனாங்க. வந்தாத்தான அழுவறதுக்கு? வந்தவங்களுக்குத் தண்ணி குடிக்க டம்ளர் பத்தல, நான் உள்ள போயி டம்ளர் எடுத்துக் கழுவிக் குடுத்துட்டு இருந்தேன். அதையும் இன்னைக்கு வரைக்கும் பேசறாங்க. பேசட்டும். டம்ளரு ஆராச்சும் கழுவித்தான ஆகோணும்?

இந்தச் செவலை அவன் வளத்த குதிரை. மார்வாரி சாதி. காது ரெண்டும் மேல வளைஞ்சு நுனியோட நுனி முட்டும். குட்டியா இருக்கறப்ப வாங்கியாந்தான். நான்தான் கூடப் போயி ஒடம்பு முச்சூடும் சுழி பாத்தேன். எங்க பக்கத்துல மாடு வாங்குனாலும் செரி, குதிரை வாங்குனாலும் செரி, தெய்வானையக்காளக் கூட்டீட்டுப் போலாம்னுதான் சொல்லுவாங்க. அந்தக் கண்ணு எனக்கு. எங்கூட்டுக்காரரு பையன் பத்தாவது படிக்கறப்பவே போய்ச் சேந்துட்டாரு. அதுக்கப்பறம் தோட்டம், பண்ணயம், கட்டுத்தறி எல்லாம் நான்தான். ஒரு கொறை இருக்கற சீவன் எங்கூட்டுக் கட்டுத்தறியில நின்னதில்ல.

செவலைக்கு முன்னால ஒரு மட்டக்குதிரை வெச்சிருந்தான். எங்கூட்டுக்காரரு அவன் ஆசைக்கு வாங்கிக் குடுத்தது. நல்ல சாதுவான சீவன், இவன் பின்னாலயே சுத்தும். அவரு போன பொறவு ஒருநா அதைக் கழுவிவிடறப்பப் பாக்கறேன், கண்ணுக்குக் கீழ, முடிக்குள்ள, ஒரு சுழி. கண்ணுக்குக் கீழ சுழி இருந்தா ஊட்டுல கண்ணீரு. அப்பறம் வெச்சிருப்பனா? பையன் பள்ளிக்கூடம் போயிருக்கறப்பவே வண்டியில ஏத்தி அனுப்பீட்டேன். சாயங்காலம் வந்து கட்டுத்தறியப் பாத்தான். எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல. சோறு திங்கல. அப்பறம் பசி எடுத்தா தின்னுதான ஆகோணும், தின்னுட்டான். பசங்க அப்பிடித்தான் அம்மிணி, மறந்துருவாங்க.

உன்ற ஆடு அசை போடுதா பாரு. போடலியா? செரி, இரு.

எங்க பக்கம் ஆடி நோம்பிக்குக் குதிரைச் சந்தை கூடும். அதுல ஒரு நா குதிரைக்கு அழகுப் போட்டி வெப்பாங்க. திடல்ல மூங்கில் கட்டி வளையம் போட்டிருப்பாங்க. குதிரையக் கையில புடிச்சுக்கிட்டு உள்ள போயி, நடத்திக் காட்டி, ஓட்டிக் காட்டி, நிறுத்திக் காட்டோணும். வடக்க இருந்து ஆளு வந்து மார்க்குப் போடுவாங்க. அதுக்குக் குதிரையச் செய்யோணும். செய்யறதுன்னா லேசுப்பட்ட சோலின்னு நெனச்சுக்காத. கல்யாணப் பொண்ணைக்கூட ஒரு காத்தால சோடிச்சு முடிச்சறலாம்.

மொதல்ல காது. காதோட ரெண்டு ஓரத்தையும் இலையை மடிக்கற மாதிரி ஒண்ணாச் சேத்துப் புடிச்சு, வெளிய நீட்டற முடியை மட்டும் கத்தரிக்கோணும். உள்ளுக்குள்ள இருக்கறதை எடுத்தா ஈயும் தூசியும் உள்ள பூந்துக்கும். அப்பறம் காதுக்குப் பின்னால தலைக்கயிறு உக்கார்ற எடத்துல பிடரியில ஒரு துண்டு சொரண்டி எடுக்கோணும், அப்பத்தான் கழுத்து நீட்டமாத் தெரியும். அப்பறம் குளம்புக்கு மேல கணுக்கால்ல தொங்கற முடி. அப்பறம் வாலு நுனி, நூலு புடிச்சாப்பல ஒரே மட்டமா இருக்கோணும். கடைசியா மூஞ்சி. மூக்கைச் சுத்தி, ஒதட்டைச் சுத்தி மீசை இருக்கும். கண்ணுக்கு மேலயும் கீழயும் நீட்டு நீட்டா நாலஞ்சு முடி நிக்கும். அதையெல்லாம் மெசினு வெச்சு மழமழன்னு எடுத்துட்டு, தேங்காயெண்ணையத் தொட்டுத் தடவுனா மூஞ்சி அப்பிடி மினுங்கும்.

எம் பையன் எல்லாத்தையும் நல்லாத்தான் செய்வான். கை அத்தனை சுத்தம். ஆனா அந்த மூஞ்சியில மட்டும் வருசா வருசம் ஒரு கூத்துப் பண்ணுவான். வலது பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும். இடது பக்கம் மீசையும் கண்ணுமுடியும் அப்பிடியே நிக்கும். பாதிச் சவரத்துல எந்திரிச்சு வந்த ஆளாட்டம் நிறுத்துவான். ஏன்டா இப்பிடின்னு கேட்டா, மெசினுல சார்ஜு தீந்துபோச்சும்மாம்பான். அதுக்கு முந்தின வருசம் கேட்டதுக்குக் கரண்டு இல்லைன்னான். ஒரு வருசம், செவலை தலைய ஆட்டீட்டே இருக்குதும்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்னான். சிரிச்சுக்கிட்டே சொல்லுவான். நான் திடல்லயே, அத்தனை சனத்துக்கு முன்னால, வாங்கு வாங்குன்னு வாங்குவேன். சோம்பேறி நாயே, இத்தனையும் செஞ்சவனுக்கு இந்த நாலு முடி எடுக்க வலிக்குதாடான்னு. அதுக்கும் சிரிப்பான். இவ, தாரணி, அவன் சட்டையப் புடிச்சுக்கிட்டு நிப்பா.

அதனாலயே எல்லா வருசமும் ரெண்டாம் பரிசு. மார்க்குப் போடறவரே ஒரு தடவை சொன்னாரு, குதிரை மொதப் பரிசுக் குதிரைதான், மூஞ்சியச் செரியாச் செஞ்சிருந்தாக் குடுத்திருப்பேன்னு. எனக்கு வயிறு எரிஞ்சுது. இவன் என்னமோ சாமி வரம் குடுத்தாப்பல அந்த ரெண்டாம் பரிசை வாங்கிக்கிட்டுச் சந்தோசமா வருவான்.

இந்த வருசம் ஆடி பொறந்ததும் எனக்கு அது ஒண்ணுதான் மனசுல ஓடுச்சு. ஐப்பசியில தலைத் தெவசம் வருது. அதுக்குள்ள அவன் போட்டோவுக்கு முன்னால ஒரு மொதப் பரிசுக் கப்பைக் கொண்டாந்து வெச்சரோணும். எம் பையனுக்கு ரெண்டாவதுதான்னு ஆரும் சொல்லக்கூடாது. வேற எனக்கு ஒண்ணும் வேண்டியதில்ல அம்மிணி, சோறு தண்ணிகூட. அந்தக் கப்பு ஒண்ணு போதும்னு இருந்துச்சு.

எந் தம்பி கருணாகரன் வந்து குதிச்சான். "ஏனக்கா, வருசம் திரும்பாத ஊடு, நோம்பி நொடிக்குப் போலாமா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"ங்கறான். குதிரைக்கு ஏதுடா தீட்டு, நீ புடிச்சுக்கிட்டு வளையத்துக்குள்ள நடக்கறயா இல்ல நானே நடக்கட்டுமான்னேன். செரிக்கா, நானே புடிச்சுக்கறேன்னுட்டான். எங்கிட்ட அதுக்கு மேல பேச மாட்டான். எங்கூட்டுல ஆரும் பேச மாட்டாங்க, அந்த விசயத்துல நான் குடுத்துவெச்சவ.

போட்டிக்கு முந்தின நா நான்தான் செய்ய ஒக்காந்தேன். தாரணி கயித்தைப் புடிச்சுக்கிட்டா. எம் பையன் போனதுல இருந்து செவலைக்குத் தண்ணி காட்டறது, தீனி வெக்கறது எல்லாம் இவதான். எந்நேரமும் கட்டுத்தறியிலதான் கெடப்பா. அப்பங்காரரு வந்து கூப்புட்டதுக்குக்கூட, குதிரைய ஆரு பாப்பாங்கன்னு சொல்லிப் போகல. நல்ல புள்ளதான். வாயிதான் இல்ல.

காது முடிச்சேன், பிடரி முடிச்சேன், காலு முடிச்சேன். மூஞ்சிக்கு வந்து வலது பக்கம் எடுத்துட்டு, இடது பக்கத்துக்கு வந்தேன். இவ கயித்தை இழுத்துப் புடிச்சுக்கிட்டா.

"அத்தை, அந்தப் பக்கம் அப்பிடியே இருக்கட்டுங்க."

"ஏன்?"

"மாமா அந்தப் பக்கம் எடுக்க மாட்டாருங்க."

"அவன் சோம்பேறி, எடுக்கல. நான் எடுக்கறேன்."

"சோம்பேறித்தனம் இல்லீங்க அத்தை."

"அப்பறம் எதுக்காம்? சொல்லு."

நான் கேட்டேன் அம்மிணி. கேக்கலைன்னு நாளைக்கு ஆரும் சொல்லக்கூடாது. சொல்லுன்னுதான் கேட்டேன். அவ என் மூஞ்சியப் பாத்தா. வாயத் தொறந்தா. அப்பறம் மூடிக்கிட்டா. வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கற, சொல்றதுன்னா சொல்லு, இல்லாட்டி ஒழுங்காக் கயித்தைப் புடின்னேன். "இந்த ஒரு தடவை என்ற பேச்சைக் கேளுங்க அத்தை, ரெண்டாம் பரிசு வந்தாப் போதுங்க"ன்னா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். செத்தவனுக்கு ஒரு மொதப் பரிசு வாங்கிக் குடுக்கக்கூட உனக்கு மனசு வரலியா, நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியான்னு கேட்டுட்டேன். கேட்டா என்ன தப்பு? எனக்கு மனசுல பட்டுச்சு, கேட்டேன்.

அப்பறம் அவ செவலையோட நெத்தியில தன்னோட நெத்திய வெச்சுக்கிட்டு நின்னா. நான் மெசினைப் போட்டு இடது பக்கத்து மீசை, ஒதட்டு முடி, கண்ணுக்கு மேல, கண்ணுக்குக் கீழ, ஒரு பொட்டு முடி விடாம எடுத்தேன். செவலை நடுங்குச்சு. புதுக்கையி, அதான் நடுங்குதுன்னு நெனச்சேன். எண்ணையத் தடவித் தள்ளி நின்னு பாத்தேன். ரெண்டு பக்கமும் ஒரே சீரா, அச்சுல வார்த்த மாதிரி இருந்துச்சு. அன்னைக்குத்தான் ஐப்பசிக்கு அப்பறம் நான் ஒரு வாய் சோறு ருசியாத் தின்னேன்.

மறுநா காத்தால அது தவிட்டுத் தண்ணி வெச்ச தொட்டிய மூக்கால இடிச்சுக் கவுத்திருச்சு. அதுக்கப்பறம் கட்டுத்தறிக் கம்பத்துல இடது பக்கம் மோதுச்சு. இவ என்னயப் பாத்தா. எதுக்குடி என்னயப் பாக்கற, கூட்டத்துக்குப் போற படபடப்பு அதுக்கும் இருக்கும்லன்னேன்.

வளையத்துக்குள்ள கருணாகரன் புடிச்சுக்கிட்டு நடந்தான். நடை கொஞ்சம் கோணலாத்தான் இருந்துச்சு, தலைய இடது பக்கமாத் திருப்பித் திருப்பி வெச்சுச்சு. ஆனா அழகு இருக்குதே, அதுக்கு முன்னால மத்த குதிரையெல்லாம் நிக்க முடியல. மார்க்குப் போடறவரு மூஞ்சியத் தடவிப் பாத்துட்டுத் தலையாட்டுனாரு. மைக்குல சொன்னாங்க. மொதப் பரிசு. சொல்றப்ப எம் பையன் பேரையும் சொன்னாங்க அம்மிணி. "காலஞ்சென்ற பூபதி அவர்களின் குதிரை"ன்னு சொன்னாங்க. சனமெல்லாம் கை தட்டுச்சு. எனக்கு அழுகை வரும்னு நெனச்சேன். வரல. 

மொதப் பரிசுன்னா மாலை போடுவாங்க. ரெண்டாம் பரிசுக்கு அதெல்லாம் கெடையாது, கப்பைக் கையில குடுத்து அனுப்பிருவாங்க. விழாக் கமிட்டியில ஒருத்தரு பெரிய சம்பங்கி மாலையத் தூக்கிட்டு இடது பக்கமா வந்தாரு. தாரணி வளையத்துக்கு வெளிய இருந்து கத்தறா, "அந்தப் பக்கம் போகாதீங்க, அந்தப் பக்கம் போகாதீங்க"ன்னு. மேளச் சத்தத்துல ஆருக்குக் கேக்குது? மாலை கழுத்துல விழுந்துச்சு. செவலை ஒரு தூக்குத் தூக்குச்சு பாரு தலைய. திரும்பி ஒரு வீசு வீசுச்சு. வளையத்துக்குக் கட்டுன மூங்கில்ல ஒண்ணு முனை சீவாம நீட்டிக்கிட்டு இருந்துருக்குது. நேரா அதுல போயி இடது கண்ணு.

அந்த மூங்கில் கட்டுனவனை நான் சும்மா விடப்போறதில்ல. எல்லாத்துக்கும் காரணம் அவன்தான். முனைய ஒரு வெட்டு வெட்டி விட்டிருந்தா இத்தனை வந்துருக்குமா?

பிக்கப் வண்டியில ஏத்தி இங்க கொண்டாந்தோம். டாக்டரு பாத்தாரு. சின்ன வயசுக்காரரு, நல்ல மனுசன். லைட்டு அடிச்சு நெம்ப நேரம் பாத்துட்டு எங்கிட்ட என்ன கேக்கறாருன்னா, "இந்தக் கண்ணுல பார்வை போயி நெம்ப வருசமாச்சே, உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"ங்கறாரு. என்ன சொல்றீங்கன்னேன். "மேல பாத்தா நல்ல கண்ணு மாதிரிதான் இருக்கும். உள்ள நரம்பு செத்துருச்சு. குட்டியில அடி பட்டிருக்கும். இந்த மாதிரி சீவனுக்கு அந்தப் பக்கம் மீசையும் கண்ணுமுடியும்தாங்க எல்லாமே. தொட்டி எங்க, செவுரு எங்கன்னு அதை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கும். ஏதாச்சும் கிட்ட வந்தா அந்த முடியில மொதல்ல படும், கண்ணை மூடிக்கும். அதை எதுக்குங்க எடுத்தீங்க?"ன்னு கேட்டாரு.

நான் தாரணியப் பாத்தேன். அவ தரையப் பாத்துட்டு நிக்கறா.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க அத்தை."

"அவனுக்கு?"

"மாமாதாங்க கண்டுபுடிச்சாரு. வாங்கி வந்த கொஞ்ச நாள்லயே."

கண்ணை எடுத்துத் தையல் போட்டு முடிச்சதுக்கப்பறம்தான் ஒண்ணொண்ணாச் சொல்றா. பூபதி இவகிட்ட மட்டும் சொல்லி வெச்சிருந்தானாம். ஆருகிட்டயும் சொல்லாத, அம்மாகிட்ட மட்டும் சொல்லவே சொல்லாத, தெரிஞ்சா அம்மா வண்டியில ஏத்தி அனுப்பிரும்னு. இவ கையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்கறான். செத்தவருக்குப் பண்ணுன சத்தியத்தை எப்பிடிங்க மீறறதுன்னு இப்பக் கேக்கறா. கேளு அம்மிணி, நான் அப்பிடிப்பட்டவளா? பையன் உசுரா வளத்த குதிரைய ஏத்தி அனுப்புவனா? அந்த மட்டக்குதிரை வேற. அதுக்கு இருந்தது சுழி. இது வெறும் கண்ணுதான? எங்கிட்டச் சொல்லியிருந்தா என்ன செய்யோணும்னு நான் முடிவு பண்ணியிருப்பேன்ல?

இன்னொண்ணும் சொன்னா. அவனுக்கு அந்தப் போட்டிக்கே போக இஷ்டமில்லையாம். அம்மாவுக்காகத்தான் வருசா வருசம் எறக்குனானாம். போகாட்டி ஏன் போகலைன்னு அம்மா கேக்கும், போயி மொதப் பரிசு வாங்கிட்டா மாலை போடுவாங்க, போட்டோ புடிப்பாங்க, நாலு பேரு கிட்ட வந்து கண்ணு காதெல்லாம் பாப்பாங்க, வெட்ட வெளிச்சமாயிரும். ரெண்டாவது வந்தா சத்தமில்லாம ஊட்டுக்கு வந்தறலாம், அம்மாவும் ஒரு நாளு திட்டிட்டு விட்டுரும்னு சொல்லுவானாம். அதுக்குன்னே இடது பக்கம் விட்டது. சார்ஜும் தீரல, கரண்டும் போகல. அத்தனை சனத்துக்கு முன்னால நாயே பேயேன்னு திட்டு வாங்கிட்டு, ஊட்டுக்கு வந்து செவலைகிட்ட, இந்த வருசமும் தப்பிச்சுட்டமடின்னு சொல்லிச் சிரிப்பானாம்.

இதையெல்லாம் இவ சொல்றா, நான் கேட்டுட்டு நிக்கறேன். அழுகணுமில்ல? நான் டாக்டரைப் பாத்து, தையல் எப்பப் பிரிப்பீங்கன்னு கேட்டேன். அந்தக் கப்பு எங்க போச்சுன்னுகூடத் தெரியல. கருணாகரன் வண்டியிலயே கெடக்குமாட்ட இருக்குது. கெடக்கட்டும்.

எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் அம்மிணி ஆற மாட்டீங்குது. கண்ணு போச்சு, செரி. அது ஏற்கெனவே போன கண்ணுதான். நேத்து வந்த இவகிட்டச் சொல்லத் தோணுனது, பெத்தவகிட்டச் சொல்ல ஏன் தோணல? ஒரே ஊட்டுல இருந்தோம். ஒரே சட்டியில சோறு தின்னோம். எத்தனை சாயங்காலம் அந்தக் கட்டுத்தறியில நானும் அவனும் நின்னிருக்கறோம். நான் சுழி பாக்கறவ. ஊரு முச்சூடும் இருக்கற மாட்டையும் குதிரையையும் கண்ணு பாத்துச் சொல்றவ. என் கட்டுத்தறியில நின்ன சீவனுக்கு ஒரு கண்ணு தெரியாதுன்னு எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் பாத்துக்கிட்டாங்க. எத்தனை கெட்டிக்காரத்தனம் பாரு.

இரு, இரு. உன்ற ஆடு ஏப்பம் விடுது. நல்லதுதான், வாயு பிரியுது. கயித்தைத் தளத்தி விடு.

இன்னைக்குக் காத்தால கட்டுப் பிரிச்சு மருந்து வெக்க ஆளு வந்தாரு. இவ ராத்திரி முச்சூடும் நின்னவ, போயி மேலுக்குத் தண்ணி வாத்துக்கிட்டு வாடின்னு நான்தான் வெரட்டுனேன். அந்த ஆளு சொன்னாரு, "ஆராச்சும் ஒருத்தரு தலைய அணைச்சுப் புடிச்சுக்கோணும், இடது பக்கமா வாங்க"ன்னு. நான் எந்திரிச்சேன். தாரணி ஓடியாந்து என் கையப் புடிச்சுக்கிட்டா.

"அத்தை, அந்தப் பக்கமாச் சும்மா போகக்கூடாதுங்க. மொதல்ல சத்தம் குடுக்கோணும். மாமா ஒரு வார்த்தை சொல்லிப் பழக்கி வெச்சிருக்கறாரு. அதைச் சொன்னா ஆரு போனாலும் அசையாம நின்னுக்கும்."

"என்ன வார்த்தை?"

சொல்ல மாட்டீங்கறா. தலைய ஆட்டறா. சேலைத் தலைப்பை முறுக்கறா. அடச் சொல்லித் தொலையேன்டி, இனி என்ன மறைக்கறதுக்கு இருக்குதுன்னேன்.

"நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க அத்தை."

"எடுக்கல, சொல்லு."

"அம்மா வருதுன்னு சொல்லுவாருங்க."

அவ்வளவுதான். இடது பக்கமாப் போறப்பெல்லாம் அதைத்தான் சொல்லுவானாம். மெதுவா, காதுக்குள்ள. அம்மா வருது, அம்மா வருதுன்னு. சொன்னதும் செவலை நாலு காலையும் ஊனி, தலையத் தூக்கி, வெறச்சுக்கிட்டு நின்னுக்குமாம். எப்பிடிங்க இத்தனை சுளுவாப் பழக்குனீங்கன்னு இவ கேட்டதுக்கு, நான் எப்பிடிப் பழகுனனோ அப்பிடித்தான்னு சொன்னானாம்.

எம் மேல பாசம் அவனுக்கு. இல்லாட்டி வாயில்லாச் சீவனுக்குச் சொல்லிக் குடுக்க வேற வார்த்தையா கெடைக்கல? அம்மான்னுதான சொல்லியிருக்கறான். நீயே சொல்லு, பாசம்தான அது?

நான் போனேன். இடது பக்கமா. கிட்டப் போறப்ப, அம்மா வருதுன்னு சொன்னேன். என் வாயால நானே. கூச்சமாத்தான் இருந்துச்சு, ஆனா சொன்னேன். செவலை நின்னுச்சு அம்மிணி. வாலுகூட ஆட்டல. ஈ வந்து ஒக்காந்துச்சு, தோலைக்கூடச் சிலுப்பல. மருந்து வெக்கறவரு கையத் தூக்கிட்டாரு, "என்னங்கம்மா, உங்களைக் கண்டா இத்தனை மருவாதியா இருக்குது"ங்கறாரு. ஆமா, மருவாதிதான்னேன். கழுத்தைச் சுத்திக் கையப் போட்டு அணைச்சுக்கிட்டேன். ஒடம்பு உள்ளுக்குள்ள வெடவெடன்னு ஆடுது. காய்ச்சலான்னு கேட்டேன். காய்ச்சலெல்லாம் ஒண்ணும் இல்லீங்கன்னுட்டாரு.

கட்டுக் கட்டி முடிச்சும் நான் கைய எடுக்கல. அப்பிடியே நின்னுட்டு இருந்தேன். அந்தப் பக்கமா இவ வந்து, போதுங்க அத்தை, வாங்கன்னு கூப்புட்டா. அவ வந்து நின்னதுக்கப்பறம்தான் அது மூச்சை விட்டுச்சு.

என்னயப் பத்தி அதுகிட்ட அத்தனையும் சொல்லி வெச்சிருக்கறான். எங்கிட்டத்தான் அம்மிணி, ஒண்ணுமே சொல்லாமப் போயிட்டான்.